தன்னாட்சிக்கு முந்தின சீல்

பழசுதானுங்க வேணும். வட்டமா இருக்கும், நடுவால ஒரு குத்துவிளக்கு, மேல காலேஜு பேரு, கீழ ஊர்ப் பேரு. அவ்வளவுதான். 'தன்னாட்சி'ங்கற வார்த்தை மட்டும் அதுல இருக்கப்படாது. அது புதுசுல வர்றது. பழைய சீலையும் நீங்கதான் செஞ்சு குடுத்தீங்க, புதுசையும் நீங்கதான் செஞ்சீங்க. அதனாலதான் கோபியில நாலு கடை இருக்கறப்ப ஈரோட்டுக்கு பஸ் ஏறி வந்தனுங்க. அச்சு அசலா அதே மாதிரி இருக்கோணும்.

எதுக்குன்னு கேக்கறீங்களாக்கும்? கேளுங்க, கேக்க வேண்டியதுதான். காலேஜு லெட்டர் பேடுல எழுதிக் கொண்டாந்திருக்கறேன், பாத்துக்குங்க. பழைய லெட்டர் பேடுதான், வீட்டுல மிச்சம் கெடந்துச்சு. ஒரு ரெக்கார்டுல சீல் மாறி விழுந்து போச்சுங்க. திங்கக்கெழம ஒரு விசாரணை இருக்குது, அதுக்குள்ள சரி பண்ணோணும். அவ்வளவுதான் சங்கதி.

கரண்டு போயிருச்சா? கெரகம். சேரி, வர்றப்ப வரட்டும், உக்காந்திருக்கறேன். அது என்ன நோட்டுங்க, பெருசா? ஓ, சீல் செஞ்சதும் ஒரு அச்சு இதுல வெச்சு, தேதி போட்டுக் கையெழுத்து வாங்குவீங்களே, அதுவா. ஆமாமா, போன தடவையும் வாங்குனீங்க. நல்ல பழக்கம். நானே உங்களப் பாராட்டோணும். நான் யாருன்னு தெரியுமுங்களா? எத்திக்ஸ் வாத்தியாருங்க. முப்பத்தொரு வருசம் இன்ஜினியரிங் காலேஜுல கம்ப்யூட்டர் பசங்களுக்கு அறநெறி சொல்லிக் குடுத்தவன். சிரிக்காதீங்க. எல்லாருமே சிரிப்பாங்க.

நான் வேலைக்குச் சேந்தப்ப கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்டுல பதினோரு பேரு. அவனவன் நல்ல நல்ல பேப்பரா பொறுக்கிக்கிட்டான். மிச்சம் கெடந்தது இது ஒண்ணு, வெள்ளிக்கெழம கடைசி பீரியடு. 'சென்னியப்பன் எடுக்கட்டும், அவருதான் தண்ணி போடமாட்டாரு, பீடி குடிக்கமாட்டாரு'ன்னு எங்க ஹெச்ஓடி சிரிச்சுக்கிட்டே என்ற தலைல கட்டுனாரு. மத்தவனுக்கெல்லாம் லேபு, ஏசி ரூமு. எனக்கு ஒரு சாக்பீசு. பசங்க என்ன பேசுவாங்க தெரியுமுங்களா? எத்திக்ஸ் பரீட்சையிலதான் பிட்டு ஜாஸ்தி புடிபடும்னு பேசுவாங்க. அது நெசம்தான், அத விடுங்க.

ஆனா நான் விடலீங்க. டாக்டர் பட்டமே அதுல வாங்குனேன். ஒரு புரோகிராம எழுதறவனுக்கு என்ன பொறுப்பு, அவன் எழுதுனது ஒருத்தனக் கொன்னா யாரு குத்தவாளி, இதெல்லாம் இந்தப் பக்கத்துல யோசிச்ச மொத ஆளு நான்தான். 'கணினிப் பொறியாளர் கடமைகள்'னு பொஸ்தகம் போட்டேன். பதினோரு பதிப்பு. மலேசியாவுல கூப்புட்டுப் பேசச் சொன்னாங்க. ரிட்டயர் ஆனப்பறமும் காலேஜுல எனக்குன்னு ஒரு ரூம் குடுத்து, கதவுல என்ற பேரு எழுதி வெச்சிருக்காங்க. இப்ப அதுக்குத்தான் ஆபத்து. ரூமுக்கு, பொஸ்தகத்துக்கு, பேருக்கு, எல்லாத்துக்கும்.

யாரால? நானே வளத்த பொண்ணாலங்க. வளத்த கடா மார்ல பாஞ்ச கதை.

கோகிலவாணின்னு பேரு. அந்தியூருப் பக்கம். அப்பன் லாரி ஓட்டுனவரு. என்றகிட்ட படிச்சா, என்றகிட்டயே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்ணுனா, என்ற சிபாரிசுலதான் அங்கயே வாத்தியாரம்மாவாச் சேந்தா. முப்பத்தொரு வருசத்துல என்ற பொஸ்தகத்த நெசமாலுமே படிச்ச ஒரே ஆளு அவதானுங்க. மத்ததெல்லாம் பரீட்சைக்கு மொத நாள் கைடு வாங்கற கூட்டம். ஊட்டுக்காரி அவளுக்குன்னு நோம்பிக்கு நோம்பி முறுக்குச் சுட்டு வெப்பா. பெத்த புள்ளையாட்டத்தான் இருந்தா.

கேளுங்க. எங்க காலேஜுல ஒரு புரோஜக்ட் பண்ணுனாங்க, ஒரு நூல் மில்லுக்காக. பஞ்சு சிக்கெடுக்கற மிஷின் இருக்குது பாருங்க, அதுக்குள்ள கை போயிட்டா போச்சு. அதனால கேமரா ஒண்ண வெச்சு, கை உள்ள வர்றது தெரிஞ்சா மிஷின் தானா நிக்கற மாதிரி சாஃப்ட்வேர் எழுதுனாங்க. லேபுல வெச்சு நூறு தடவ பாத்தாங்க. ரப்பர் கையுறைய ஒரு குச்சியில மாட்டி உள்ள விட்டுப் பாத்தாங்க. நூறு தடவையும் நின்னுச்சு. கரெஸ்பாண்டென்ட் பூரிச்சுப் போயிட்டாரு. பேப்பர்ல போட்டோ வந்துச்சு.

இந்த அம்மணிக்கு அதோட விட மனசில்ல. மில்லுக்கே போயி ஒரு நாள் பூராவும் நின்னு பாத்திருக்கா. மில்லுல வேல செய்யற கை வேற மாதிரிங்களாம். மணிக்கட்டு வரைக்கும் பஞ்சு ஒட்டிக்கிட்டு வெள்ளையா இருக்குமாம். மிஷினுக்குள்ளயும் வெள்ளைப் பஞ்சு. வெள்ளைக்கு வெள்ளை, கேமராவுக்குக் கையே தெரியலையாம். அத எழுதி, இத சரி பண்ணாம மிஷின்ல மாட்டக்கூடாதுன்னு ஒரு பக்கத்துக்கு லெட்டரு குடுத்தா. யாருக்கு? அறநெறிக் குழுவுக்கு. குழுத் தலைவரு யாரு? நான்தான்.

நான் ஒண்ணும் கிழிச்சுப் போடலீங்க. மேசை டிராயர்ல பத்திரமா வெச்சேன். கூட்டம் போட்டுப் பேசலாம்னுதான் இருந்தேன். அந்த நேரம் பாத்து மலேசியாப் பயணம் வந்துருச்சு. அங்க நான் என்ன தலைப்புல பேசுனேன்னு கேளுங்க. 'எச்சரிக்கை செய்யும் ஊழியரைக் காப்பது எப்படி.' எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்க. திரும்பி வர்றதுக்குள்ள இங்க மந்திரி வந்து ரிப்பனை வெட்டிட்டுப் போயிட்டாரு. மில்லுக்காரனும் இனி சாஃப்ட்வேர் பாத்துக்கும்னு, முன்னாடி இருந்த இரும்புக் கம்பிவலையக் கழட்டி வீசிட்டான். இதுக்கு நான் என்ன பண்ண முடியுமுங்க?

போன வருசம் ஜூன்ல தன்னாட்சி வந்துச்சு. அதாவது, இனி யுனிவர்சிட்டி வேண்டாம், நாங்களே பரீட்சை வெச்சு மார்க் போட்டுக்கலாம்னு உத்தரவு. அன்னிக்கே பழைய சீலெல்லாம் வாங்கி ஒடச்சுப் போட்டாங்க. புது சீலுக்கு நான்தான் உங்க கடைக்கு வந்தேன், ஞாபகம் இருக்குமே. ஆகஸ்ட்ல ஆய்வுக் குழு வருதுன்னு சொல்லிட்டாங்க. நீங்க காலேஜுல வேல பாத்ததில்ல, அதனால உங்களுக்குத் தெரியாது. ஆய்வுக் குழு வருதுன்னா கல்யாண வீடு கெட்டுது. சுவத்துக்கு வெள்ளை, செடிக்குத் தண்ணி, மூணு வருசத்து ரெக்கார்டு எல்லாம் ரெண்டு நாள்ல எழுதோணும். எல்லாக் காலேஜுலயும் அப்புடித்தான், தப்பா எடுத்துக்காதீங்க. அறநெறிக் குழு மூணு வருசத்துல பன்னெண்டு தடவ கூடியிருக்கோணும். ஒரு தடவகூட கூடல. நடவடிக்கைப் பொஸ்தகம் பச்சப் புள்ள மாதிரி வெள்ளையாக் கெடந்துச்சு.

நான் உக்காந்து எழுதுனேன். பெருமைக்குச் சொல்லலீங்க, அந்த மாதிரி ஒருத்தனும் எழுத முடியாது. நாலு பேனா வெச்சுக்கிட்டேன். ஒரு கூட்டத்துக்கு நீலம், ஒண்ணுக்குக் கருப்பு, ஒண்ணுல மை பாதில தீந்து வேற பேனா மாத்துன மாதிரி. ஒரு பக்கத்துல டீ கிளாச வெச்சு வட்டம் ஒண்ணு போட்டேன். இன்னொரு கூட்டம் 'போதிய உறுப்பினர் வராததால் ஒத்திவைப்பு'ன்னு எழுதுனேன் பாருங்க, அதுதான் வித்தை. நடக்காத கூட்டத்த ஒத்தி வெக்கணும்னு எவனுக்குத் தோணும்? ஆய்வுக்கு வந்தவரு அந்தப் பொஸ்தகத்தப் பொரட்டிப் பாத்துட்டு, 'இது மத்த காலேஜுக்கெல்லாம் முன்மாதிரி'ன்னு எழுதிட்டே போயிட்டாரு.

அதுல மார்ச் பதினாலாந்தேதிக் கூட்டம்னு ஒண்ணு. மில் புரோஜக்டப் பத்தி ஏதாச்சும் எழுதியே ஆகணுமில்லீங்களா? எதிர்ப்பு வந்துச்சுன்னு எழுதுனா, என்ன நடவடிக்கை எடுத்தீங்கன்னு கேப்பான். அதனால, 'கோகிலவாணி அவர்கள் தம் ஐயத்தை விளக்கினார். விளக்கம் கேட்டு நிறைவடைந்து ஆட்சேபணையைத் திரும்பப் பெற்றார். ஒருமனதாக ஒப்புதல்'னு எழுதுனேன். ஒரே ஒரு வரி. அழகா இருந்துச்சு, அதான் எழுதுனேன். அவ மேல எனக்கு என்ன கோவம்?

கையெழுத்து? அவளும் போட்டா. பென்சில்ல பெருக்கல் குறி வெச்சுக் குடுத்துருவோம், வரிசையா வந்து போட்டுட்டுப் போவாங்க. அன்னிக்கு அவ அறுபது ஃபைல்ல கையெழுத்துப் போட்டிருப்பா. படிச்சாளா? படிக்கல. ஒருத்தருமே படிக்கல. படிக்காம கையெழுத்துப் போடறது பொறியாளனுக்கு அழகில்லன்னு என்ற பொஸ்தகத்துல நாலாவது அத்தியாயத்துல தெளிவா எழுதியிருக்கேன். அவளுக்கு அது மனப்பாடம். அப்பறம் அது யாரு தப்புங்க?

இந்தப் பிப்ரவரியில அந்த மில்லுல ஒரு பொண்ணுக்கு அடிபட்டுப் போச்சு. ராமநாதபுரம் பக்கத்துப் புள்ள, ஹாஸ்டல்ல தங்கி வேல பாத்துச்சு, பேரு என்னமோ சொன்னாங்க. மிஷின் நிக்கல. வலது கையில மூணு விரல். பாவம்தான், நான் இல்லைன்னு சொல்லல. உடனே எல்லாருமா காலேஜப் புடிச்சுக்கிட்டாங்க. யாரு ஒப்புதல் குடுத்ததுன்னு கேட்டாங்க. கரெஸ்பாண்டென்ட் உசாரான ஆளு, நடவடிக்கைப் பொஸ்தகத்த எடுத்தாரு. ஆபத்து இருக்குதுன்னு தெரிஞ்சவ ஒருத்தி இருந்திருக்கா, எதிர்ப்புத் தெரிவிச்சுட்டு அப்பறம் வாபஸ் வாங்கியிருக்கா, அப்ப குத்தம் அவளோடதுன்னு முடிச்சுட்டாரு. சஸ்பெண்டு. ரிட்டயர்டு ஜட்ஜு ஒருத்தர வெச்சு விசாரணை. திங்கக்கெழம பத்தரை மணிக்கு நான்தான் சாட்சி.

அவ என்ன சொல்றா, அந்தக் கூட்டமே நடக்கலைங்கறா. யாரு நம்புவாங்க? அவ கையெழுத்தே இருக்குதே.

டீ வேண்டாமுங்க, சக்கரை இருக்குது. சேரி, சக்கரை போடாம அரை கிளாஸ் சொல்லுங்க.

போன ஞாயித்துக்கெழம வெடியால ஊட்டுக்கு வந்தா. ஒரு ஊதாப் பையி, அத மடியிலயே வெச்சுக்கிட்டு உக்காந்தா. ஊட்டுக்காரி காபி கொண்டாந்தா, குடிக்கல, தண்ணி மட்டும் வாங்கிக் குடிச்சா. 'சார், கூட்டம் நடக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார். வேற ஒண்ணும் வேண்டாம்'னா. ஒரு வார்த்தையாம்! கேட்டீங்களா நாயத்த? அந்த ஒரு வார்த்தைக்கு என்ற முப்பத்தொரு வருசத்தையும் கேக்கறா. நாளைக்குக் கதவுல இருக்கற பேர அழிப்பாங்க. பொஸ்தகத்தப் பாடத்துல இருந்து எடுப்பாங்க. ஊருக்குத்தான் உபதேசம்னு பசங்க பேசுவாங்க. எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. 'நன்றி கெட்டவளே, உனக்கு வயசிருக்குது, வேற வேல கெடைக்கும், எனக்கு இந்தப் பேர விட்டா என்ன இருக்குது'ன்னு கத்திட்டேன்.

அவ கத்தல. 'முத்திருளாயிக்குப் பத்தொம்பது வயசு சார்'னா. ஆமா, அதான் அந்தப் பொண்ணு பேரு, இப்பத்தான் ஞாபகம் வருது. 'இடது கையில எழுதிப் பழகிட்டு இருக்குது சார், நான் போயிப் பாத்தேன்'னா. அதுக்கும் இதுக்கும் என்னுங்க சம்மந்தம்? பேச்ச மாத்தறா. அப்பறம் பையோட ஜிப்ப பாதி தொறந்தா. என்ற பொஸ்தகத்த எடுத்து வெச்சு எனக்கே பாடம் நடத்தப் போறாளாக்கும்னு நெனச்சேன். மறுபடி மூடிக்கிட்டா. 'எட்டு நாள் இருக்குது சார், யோசிங்க'ன்னுட்டு எந்திரிச்சா. வாசல்ல என்ற செருப்பு கோணலாக் கெடந்துச்சு, அதக் குனிஞ்சு நேரா வெச்சுட்டுப் போனா. மாணவியா இருந்த நாள்ல இருந்து அவளுக்கு அந்தப் பழக்கம் உண்டு. அதப் பாத்து ஊட்டுக்காரி அழுதுட்டா. அன்னையில இருந்து என்றகிட்ட ஒழுங்காப் பேசறதில்ல. சோத்தப் போடறா, அவ்வளவுதான்.

அப்பறம் செவ்வாக்கெழம ஜட்ஜு ஆபீசுல இருந்து போனு. அசல் பொஸ்தகத்தக் கொண்டு வாங்கன்னாங்க. எடுத்துப் பொரட்டிப் பாத்தேன். மார்ச் பதினாலு. என்ற கையெழுத்துக்குக் கீழ என்ன சீல் குத்தியிருக்குது? தன்னாட்சி! ஜூன்ல பொறந்த சீல மார்ச்சுல குத்தியிருக்கறேன். நாலு பேனா, டீ கறை, ஒத்திவைப்பு, இத்தனையும் யோசிச்ச மனுசன், சீல யோசிக்கலீங்க. அன்னிக்கு மேசை மேல அதுதான் கெடந்துச்சு, எடுத்து எல்லாக் கூட்டத்துக்கும் வரிசையாக் குத்திட்டேன். ஒரு ரப்பர் துண்டு. முப்பத்தொரு வருசம் ஒரு ரப்பர் துண்டுல வந்து நிக்குது. அத நெனச்சாத்தான் எனக்கு வெசனம் தாங்கல.

அதுக்குத்தானுங்க பழசு. ஜூனுக்கு முந்தின பக்கத்துலயெல்லாம் அதுக்குப் பக்கத்துல பழைய சீல ஒண்ணு குத்திட்டா முடிஞ்சுது. பழசு கூட்டத்தன்னிக்குக் குத்துனது, புதுசு ஆய்வுக்குச் சரி பாத்தப்பக் குத்துனதுன்னு சொல்லிக்கலாம். யாரும் கேக்கமாட்டாங்க. இதுவரைக்கும் அத யாருமே கவனிக்கல. ஜட்ஜு கவனிக்கல, கரெஸ்பாண்டென்ட் கவனிக்கல. அவளும் கவனிக்கல, கவனிச்சிருந்தா அன்னிக்கே அந்தக் குதி குதிச்சிருப்பாளே.

அட, கரண்டு வந்துருச்சு. ஓட்டுங்க, ஓட்டுங்க. எவ்வளவு நேரமாகும்? இவ்வளவுதானா? முன்னெல்லாம் ஒரு நாள் ஆகும்பீங்க. குடுங்க பாக்கலாம். அடடா, அதே விளக்கு, அதே எழுத்து. தொழில்னா இதுங்க.

எங்க, நோட்டுலயா? குத்துங்க. கையெழுத்துதான, போடறேன். போன தடவ எப்புடிப் போட்டேன், தமிழ்லயா இங்கிலீசுலயா? கொஞ்சம் பின்னால பொரட்டுங்க, பாத்துட்டு அதே மாதிரி போட்டுடலாம். ஜூனு. இதோ, தன்னாட்சி சீலு. ஜூன் இருபத்தி ஏழு. சென்னியப்பன், தமிழ்லதான் போட்டிருக்கேன். இந்தப் பக்கத்துல எதுக்குங்க மூலை மடிச்சு வெச்சிருக்குது?

யாரு?

எந்த மேடம்?

போட்டோ எடுத்தாங்களா? இந்தப் பக்கத்தையா? கையில ஒரு ஜெராக்ஸ் வெச்சிருந்தாங்களா. ஆமா, சஸ்பெண்டு ஆர்டரோட மார்ச் பதினாலுப் பக்கத்த ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்திருப்பாங்க. அதுல ஒரே ஒரு சீல்தான் இருக்கும். அதையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாங்களா.

என்னைக்குங்க? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. போன வாரம் புதன்கெழமயா? இந்த வாரம் இல்லீங்களே? அப்ப ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடி. ஊதாப் பையி வெச்சிருந்தாங்களா?

என்னயப் பத்தி ஏதாச்சும் சொன்னாளுங்களா? திட்டுனாளா? 'எங்க சாருதான், அவருகிட்டத்தான் படிச்சேன்'னா சொன்னா. வேற? வேற ஒண்ணுமில்லையா.

அப்ப அந்தப் பையிக்குள்ள அதுதான் இருந்திருக்குது. மடியில வெச்சுக்கிட்டே உக்காந்திருந்திருக்கா. நான் நன்றி கெட்டவளேன்னு கத்தறப்பவும் அது அவ மடியிலதான் இருந்திருக்குது. ஜிப்பத் தொறந்துட்டு மூடிக்கிட்டா.

பாத்தீங்களா, அவ செஞ்சத? பாத்தீங்களா? சொல்லியிருக்கலாமில்ல? எடுத்துக் காட்டியிருக்கலாமில்ல? இந்தாங்க சார், மாட்டிக்கிட்டீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஒத்துக்கிட்டிருப்பனுங்களே! சத்தியமா அங்கயே, ஊட்டுக்காரி முன்னாடியே ஒத்துக்கிட்டிருப்பேன். அதச் சொல்லல. நானாச் சொல்லோணும்னு எட்டு நாள் குடுத்துட்டுப் போயிருக்கா. எனக்குப் பரீட்சை வெச்சிருக்காளுங்க. என்ற பேப்பர்லயே எனக்குப் பரீட்சை.

இன்னிக்கு வியாழன். இன்னும் நாளு இருக்குது, இல்லீங்களா.

இருங்க, சீலப் பொட்டலம் கட்டாதீங்க. சரி, கட்டுங்க. செஞ்சது செஞ்சாச்சு, எதுக்கும் இருக்கட்டும். கையெழுத்து இங்கதான? இந்தாங்க, போட்டுட்டேன். தேதி?

ஏனுங்க, இன்னிக்குத் தேதியேதான் போடோணுங்களா?